“டீச்சர், என் பேர்ல என்ன தப்பு?”

உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். உங்கள் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ என்றோ ‘ஏ/பி’ என்றோ இருக்கிறதா? அந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையே ஒரு சின்னச் சாய்கோடு நிற்கிறது, பாருங்கள். பிறப்புப் பத்திரத்திலிருந்து உங்களோடு வரும் கோடு அது. இந்த வாரம் அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நெகிரி செம்பிலானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்கு முன்பே பேருந்தேறி வரும் மாணவர்கள் பலர் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒருமுறை அறிவியல் வாரத்தில் கலந்துகொண்ட எல்லாருக்கும் நற்சான்றிதழ் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய நேரமில்லை. பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சான்றிதழ் தயார் செய். அதை அந்த மாணவரின் பெயரிலேயே ஒரு கோப்பாகச் சேமித்து வை. இவ்வளவுதான் வேலை. “இடையில் ஏதாவது பிழை வந்தால் நின்றுவிடாதே, அடுத்த பெயருக்குப் போய்விடு” என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். இரவு நேரம், சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற நினைப்பு.

நிரல் ஓடி முடிந்தது. காலையில் அச்சிட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை.

சபைகூடலில் பெயர்களை அழைத்தார்கள். மலாய் மாணவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். சீன மாணவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். அவள் கோபப்படவில்லை. “டீச்சர், என் பேர்ல என்ன தப்பு?” என்று மட்டும் கேட்டாள்.

‘கணினியில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால், கோளாறு ஏன் எங்களுக்கு மட்டும் வந்தது என்பதுதானே அவள் கேள்வி? அதற்கு உண்மையான பதில் இருந்தது. அந்தப் பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

சொல்வதெழுதுதலில் ஒரு குழப்பம்

தமிழ்ப்பள்ளியில் சொல்வதெழுதுதல் எழுதியது நினைவிருக்கிறதா? ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கடைசியில் “முற்றுப்புள்ளி” என்பார். நாம் ஒரு புள்ளி வைப்போம். முதலாம் ஆண்டில் யாராவது ஒரு பிள்ளை ‘முற்றுப்புள்ளி’ என்று முழுச் சொல்லையும் எழுதி வைக்கும். வகுப்பே சிரிக்கும்.

அந்தப் பிள்ளை செய்தது முட்டாள்தனமா? யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் வாயிலிருந்து வருவது எல்லாம் ஒரே குரல். அதில் சில சொற்கள் எழுத வேண்டியவை. சில சொற்கள் செய்ய வேண்டியவை. முன்னதை உள்ளடக்கம் என்போம், பின்னதைக் கட்டளை என்போம். எது எந்த வகை என்று பிரித்தறியப் பழகாதவரை அந்தப் பிள்ளைக்குக் குழப்பம்தான்.

இப்போது இன்னும் கடினமான ஒரு நிலைமை. ‘அவர் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்’ என்பதுதான் எழுத வேண்டிய வாக்கியம். ஆசிரியர் என்ன செய்வார்? “முற்றுப்புள்ளி என்ற சொல்லையே எழுதுங்கள்” என்று சேர்த்துச் சொல்வார். ‘இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே, இது வெறும் சொல்’ என்று எச்சரிக்கும் வேலையை அந்த ‘என்ற சொல்’ செய்கிறது.

நிரலாக்கத்தில் இதே வேலையைச் செய்யும் குறிக்கு ‘விடுபடு குறி’ என்று பெயர். எஸ்கேப் கேரக்டர் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். ஒரு குறி தன் வழக்கமான வேலையிலிருந்து விடுபட்டு வேறு வேலை செய்ய அது வழிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

கணினி ஒரு வரியை எப்படிப் படிக்கிறது?

நிரலில் நாம் எழுதும் பெயர், வாக்கியம் போன்றவற்றைச் ‘சரம்’ என்கிறோம். எழுத்துகளைப் பூப்போல் வரிசையாகக் கோத்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காட்ட இரு முனையிலும் மேற்கோள்குறி போடுகிறோம். உண்மையில் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். இங்கே படிக்க எளிதாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

பிரிண்ட்("வணக்கம்")

கணினி இதை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு குறியாகப் படிக்கிறது. முதல் மேற்கோள்குறியைக் கண்டதும் ‘சரம் தொடங்கிவிட்டது’ என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த மேற்கோள்குறியைக் கண்டதும் ‘சரம் முடிந்தது’ என்று முடிவு செய்கிறது. இடையில் இருப்பது உள்ளடக்கம். திரையில் வணக்கம் என்று வருகிறது. சரி, இப்போது இதைப் பாருங்கள்.

பிரிண்ட்("அம்மா "சீக்கிரம் வா" என்றார்")

நாம் பார்த்தவுடன் புரிந்துகொள்கிறோம். அம்மா சொன்னது ‘சீக்கிரம் வா’. ஆனால், கணினிக்கு அம்மாவையும் தெரியாது, சீக்கிரத்தையும் தெரியாது. முதல் மேற்கோள்குறியில் சரம் தொடங்கியது. ‘அம்மா’வுக்குப் பிறகு இரண்டாவது மேற்கோள்குறி வந்தது. ஆக, சரம் முடிந்தது. அதற்குப் பின்னால் வரும் ‘சீக்கிரம் வா’ என்பது என்ன? சரமும் அல்ல, தனக்குத் தெரிந்த கட்டளையும் அல்ல. அங்கேயே நின்று, ‘இலக்கணப் பிழை’ என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிடுகிறது.

இங்கே பின்சாய்கோடு உதவிக்கு வருகிறது. இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் இந்தக் கோடு: \

பிரிண்ட்("அம்மா \"சீக்கிரம் வா\" என்றார்")

பின்சாய்கோட்டைக் கண்டதும் கணினி விழித்துக்கொள்கிறது. ‘அடுத்து வரும் குறியை வழக்கம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது’ என்பது அதன் பொருள். மேற்கோள்குறியின் வழக்கமான வேலை சரத்தை முடிப்பது. அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அது வெறும் மேற்கோள்குறியாகச் சரத்துக்குள் அமர்ந்துகொள்கிறது. திரையில் அம்மா "சீக்கிரம் வா" என்றார் என்று அழகாக வருகிறது. பின்சாய்கோடு திரையில் தெரியாது. ஆசிரியர் சொன்ன ‘என்ற சொல்’ உங்கள் விடைத்தாளில் வராதது போலத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. சாதாரண எழுத்தின் முன்னால் பின்சாய்கோட்டைப் போட்டால், அந்த எழுத்து கட்டளையாக மாறிவிடும். பின்சாய்கோடும் ஆங்கிலச் சிறிய ‘என்’ எழுத்தும் சேர்ந்தால் ‘புதிய வரிக்குப் போ’ என்று பொருள். ‘டி’ எழுத்து சேர்ந்தால் ‘ஒரு தாவல் இடம் விடு’ என்று பொருள். கட்டளையை உள்ளடக்கமாக்கவும் உள்ளடக்கத்தைக் கட்டளையாக்கவும் ஒரே குறிதான்.

அப்படியானால் பின்சாய்கோட்டையே திரையில் காட்ட வேண்டும் என்றால்? அதன் முன்னால் இன்னொரு பின்சாய்கோடு போட வேண்டும். \\ என்று இரண்டு எழுதினால் ஒன்று தெரியும். பைத்தான், ஜாவா, சி ஆகிய மூன்று மொழிகளிலும் இந்த விதி ஒன்றே.

பின்சாய்கோட்டின் பிறப்பு

இந்தக் குறி பழைய தட்டச்சுப் பொறிகளில் பொதுவாகக் கிடையாது. எந்த மொழியிலும் அதற்கு ஒலி இல்லை. பிறகு எப்படி நம் விசைப்பலகைக்கு வந்தது?

1960களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்துவந்தது. ஒரு கணினியில் ‘க’ என்று அனுப்பினால் இன்னொன்றில் ‘ச’ என்று வருவது போன்ற நிலைமை. எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும் என்று அமெரிக்காவில் ஆஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். 1963இல் வெளியான அதில் 128 இடங்கள். அந்தப் பணியில் முன்நின்றவர்களில் ஒருவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பாப் பீமர். 1961இல் பின்சாய்கோட்டை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்தவர் அவரே. அல்கால் என்ற நிரல்மொழியில் ‘மற்றும்’, ‘அல்லது’ ஆகியவற்றுக்கு உரிய கூரை போன்ற குறிகளை /\ என்றும் \/ என்றும் இரண்டு கோடுகளைச் சேர்த்து எழுதலாம் என்பது அவருடைய எண்ணம்.

விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் விசைக்குப் பின்னாலும் அவர்தான் இருக்கிறார். ‘இனி வருவதை வேறு விதமாகப் புரிந்துகொள்’ என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு குறி தேவை என்ற கருத்தை வலியுறுத்தியவர் அவர். ஆஸ்கியில் அதன் எண் 27.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் உருவாக்கிய ‘பி’ மொழியில் விடுபடு குறியாக உடுக்குறி (*) இருந்தது. அதன் பிள்ளையாக டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் ‘சி’ மொழியை உருவாக்கியபோது அந்த வேலை பின்சாய்கோட்டுக்குப் போனது. மனிதர்களின் எழுத்தில் அவ்வளவாகப் பயன்படாத குறி என்பதால் இந்த வேலைக்கு அது மிகவும் பொருந்தியது. சி மொழியைப் பின்பற்றி வந்த மொழிகளும் அதையே எடுத்துக்கொண்டன.

ஆனால், நம் பெயரில் இருக்கும் சாய்கோடு அப்படிப்பட்ட வேலையில்லாத குறி அல்ல. அதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை.

ஒரு பெயர், பல வாசல்கள்

நம் சமூகத்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயர், அப்பா பெயர் இரண்டும்தான். இரண்டையும் இணைக்க ‘மகன்’ என்று பொருள்படும் அனாக் லெலாக்கி, ‘மகள்’ என்று பொருள்படும் அனாக் பெரெம்புவான் ஆகிய மலாய்ச் சொற்களைச் சுருக்கி ஏ/எல், ஏ/பி என்று எழுதுகிறோம். மலாய்ப் பெயர்களில் ‘பின்’, ‘பிந்தி’ என்று முழுச் சொல்லாகவே இருப்பதால் அங்கே குறி எதுவும் இல்லை. சிலருடைய அடையாள அட்டையில் ‘என்கிற’ என்ற பொருளில் @ குறியும் இருக்கும். மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவளியினர் சிலருக்கு டி’குரூஸ், டி’சில்வா என்று பெயரிலேயே ஒரு மேற்குறி உண்டு.

எடுத்துக்காட்டாக, ‘மாலா ஏ/பி குமரன்’ என்ற பெயர் கணினி உலகில் எத்தனை வாசல்களைக் கடக்கிறது என்று பாருங்கள்.

முதல் வாசல், கோப்பு. கோப்புறைக்குள் கோப்பு இருப்பதைக் காட்டச் சாய்கோடு பயன்படுகிறது. ‘வீடு/அறை/பெட்டி’ என்றால் வீட்டுக்குள் அறை, அறைக்குள் பெட்டி. விண்டோஸ் முகவரிகளில் இதே வேலையைப் பின்சாய்கோடு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். 1983இல் டாஸ் 2.0 வெளியானபோது கோப்புறை வசதி வந்தது. சாய்கோட்டுக்கு அங்கே வேறு வேலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்ததால், பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் விண்டோஸில் நிரல் வழியாகச் சாய்கோட்டைக் கொடுத்தால் அதையும் கோப்புறைப் பிரிப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

என் சான்றிதழ்களுக்கு நேர்ந்தது இதுதான். ‘சான்றிதழ்’ என்ற கோப்புறைக்குள் மாலா ஏ/பி குமரன் என்ற கோப்பைச் சேமிக்கச் சொன்னேன். கணினி அதை எப்படிப் படித்தது தெரியுமா? ‘சான்றிதழ் என்ற கோப்புறைக்குள் மாலா ஏ என்று இன்னொரு கோப்புறை இருக்கும், அதற்குள் பி குமரன் என்ற கோப்பைப் போட வேண்டும்’ என்று. அப்படி ஒரு கோப்புறை இல்லை. பிழை வந்தது. பிழை வந்தால் சத்தம் போடாமல் அடுத்த பெயருக்குப் போ என்று சொன்னவள் நான்தான். போய்விட்டது.

இரண்டாவது வாசல், இணைய முகவரி. அங்கேயும் சாய்கோடு பாதையைப் பிரிக்கும். இடைவெளிக்கு அங்கே இடமே இல்லை. & குறி இரண்டு தகவல்களைப் பிரிக்கும். இவற்றை உள்ளடக்கமாக அனுப்ப வேண்டும் என்றால் விழுக்காட்டுக் குறி விடுபடு குறியாகிறது. அதையடுத்து அந்தக் குறியின் ஆஸ்கி எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுத வேண்டும். இடைவெளியின் எண் 32. அதாவது இரண்டு பதினாறு. எனவே %20. @ குறியின் எண் 64, நான்கு பதினாறு. எனவே %40. & குறியின் எண் 38; இரண்டு பதினாறும் ஆறும். எனவே %26. உலாவியின் முகவரிப் பட்டையில் %20 என்று அடிக்கடி பார்த்திருப்பீர்களே, அது ஒரு வெற்றிடம்தான்.

மூன்றாவது வாசல், இணையப் பக்கம். அங்கே < என்ற குறி கட்டளையைத் தொடங்கும். அதை வெறும் குறியாகக் காட்ட &#60; என்று எழுதுவார்கள். & என்பது இங்கே விடுபடு குறி. இதே முறையில் தமிழையும் எழுதலாம். எப்போதாவது ஒரு பக்கத்தில் &#2949;&#2990;&#3021;&#2990;&#3006; என்று புரியாத எண்களைப் பார்த்து, ‘கணினி கெட்டுவிட்டது’ என்று நினைத்திருக்கிறீர்களா? 2949 என்பது யுனிகோடு பட்டியலில் அ. 2990 என்பது ம. 3021 என்பது புள்ளி. மறுபடியும் ம. 3006 என்பது துணைக்கால். சேர்த்துப் படியுங்கள்: அம்மா. யாரோ ஒரு நிரலர் கடைசி வாசலில் அதை எழுத்தாக மாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

நான்காவது வாசல், விமானப் பயணச்சீட்டு. அங்கே குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறியே சாய்கோடுதான். ஆகவே ஏ/பி என்று உள்ளே போனால் எது எந்தப் பெயர் என்ற குழப்பம். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அனைத்துலக விதிப்படி அதில் 26 ஆங்கில எழுத்துகள், 10 எண்கள், < என்ற நிரப்புக் குறி ஆகிய 37 மட்டுமே வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை.

ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு காவலாளி. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சந்தேகம். ஓரிடத்தில் சரியாக இருந்த விடுபடு முறை இன்னோரிடத்தில் செல்லாது. ஆகவே, உள்ளடக்கம் எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு உரிய முறையில் தயார் செய்வதே நிரலரின் வேலை.

பிரட்டுக்களத்தில் ஒரு விசித்திரப் பெயர்

‘சாய்கோடு வந்தால் சான்றிதழ் வராது, அதைவிடப் பெரிதாக என்ன நடந்துவிடும்?’ என்று கேட்கலாம். நடக்கும். அதைப் புரிந்துகொள்ள உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்குப் போவோம்.

விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்கிறார்கள். கிராணி பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார். ஆள் இருந்தால் குரல் கொடுக்க வேண்டும். வேலை உத்தரவுகளும் அதே வாயிலிருந்துதான் வரும். இப்போது ஒரு கற்பனை. குறும்புக்காரர் ஒருவர் தன் பெயரை ‘எல்லாரும் வீட்டுக்குப் போங்க’ என்று பதிந்துவிட்டார். மறுநாள் கிராணி பட்டியலைப் பார்த்து அந்தப் பெயரைப் படிக்கிறார். கேட்ட எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். களம் காலி.

கிராணி கட்டளை எதுவும் இடவில்லை. பட்டியலில் இருந்ததைப் படித்தார். பெயரும் கட்டளையும் ஒரே குரலில், ஒரே வழியில் வந்ததுதான் விபரீதம்.

தரவுத்தளங்களிலும் இதே விபரீதம் நடக்கிறது. தரவுத்தளத்திடம் பேசும் எஸ்கியூஎல் மொழியில் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவோம். 'டி'குரூஸ்' என்று எழுதினால் ‘டி’யோடு பெயர் முடிந்துவிட்டது என்று கணினி நினைக்கும். மீதியைப் புரிந்துகொள்ள முடியாமல் பிழை காட்டும். அங்கே 'டி''குரூஸ்' என்று இரண்டு முறை போட்டால் சரியாகிவிடும். இது நல்லவர் ஒருவருக்கு நேரும் தொல்லை. ஆனால், தீய எண்ணம் உள்ள ஒருவர் பெயர்க் கட்டத்தில் வேண்டுமென்றே ஒரு மேற்கோளைப் போட்டு, அதற்குப் பின்னால் ஒரு கட்டளையை எழுதினால்? நிரலர் கவனிக்கவில்லை என்றால், தரவுத்தளம் அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிடும். இதற்கு ‘எஸ்கியூஎல் ஊடுருவல்’ என்று பெயர்.

1998லேயே இந்த ஆபத்து ஒரு கணினி இதழில் விளக்கப்பட்டுவிட்டது. இருந்தும், 17 ஆண்டுகள் கழித்து 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இதே வழியில் தாக்கப்பட்டது. 1,56,959 வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் திருடர்கள் கைக்குப் போயின. தடுத்திருக்கக்கூடிய தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் 2016இல் அந்த நிறுவனத்துக்கு 4,00,000 பவுன் அபராதம் விதித்தது.

தடுப்பது எப்படி? இரண்டு வழிகள். ஒன்று, ஆபத்தான குறிகளை விடுபடு முறையில் எழுதுவது. இன்னொன்று, அதைவிடப் பாதுகாப்பானது: கட்டளையையும் பெயரையும் தனித்தனி வழிகளில் அனுப்புவது. கட்டளையில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் விட்டு, பெயரைத் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். கிராணி உத்தரவை வாயால் சொல்லிவிட்டு, பெயர்களைப் பலகையில் மட்டும் எழுதிப் போட்டது போல. அப்போது பெயர் எப்படி இருந்தாலும் அது வெறும் பெயர்தான். அதைக் கேட்டு யாரும் கிளம்பிப் போக முடியாது.

நான் திருத்திய விதம்

மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். என் நிரலை எப்படித் திருத்துவது?

முதலில் எனக்குத் தோன்றியது, எல்லாப் பெயர்களிலிருந்தும் சாய்கோட்டை நீக்கிவிடுவது. ஒரு வரி போதும். ஆனால் அப்படிச் செய்தால் சான்றிதழிலும் ‘மாலா ஏபி குமரன்’ என்றுதான் அச்சாகும். அது அவளுடைய பெயர் அல்ல. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், சான்றிதழில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் இன்னொரு விதமாகவும் இருந்தால், நாளை அவள்தான் ஒவ்வொரு முகப்பிலும் நின்று ‘இது மூன்றும் நான்தான்’ என்று விளக்க வேண்டியிருக்கும். என் வேலையைச் சுலபமாக்க அவள் தலையில் சுமையை ஏற்றுவது நியாயமா?

அடுத்து, சாய்கோட்டின் முன்னால் பின்சாய்கோடு போட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அது பலிக்காது. சரத்துக்குள் மேற்கோள்குறிக்கு விடுபட வழி உண்டு. கோப்பின் பெயரிலோ சாய்கோட்டுக்கு அப்படி ஒரு வழியே வைக்கப்படவில்லை. எல்லா வாசலிலும் விடுபடு குறி வேலை செய்யாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

கடைசியில் செய்தது இது. ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளியில் ஒரு பதிவு எண் இருக்கிறது. கோப்புக்கு அந்த எண்ணைப் பெயராக வைத்தேன். மாணவரின் பெயரைச் சான்றிதழுக்குள், அடையாள அட்டையில் இருப்பது போலவே, ஒரு புள்ளிகூட மாற்றாமல் அச்சிட்டேன். பெயர் இப்போது பாதை காட்டும் வேலையைச் செய்யவில்லை. பெயராக மட்டும் இருந்தது. ‘பிழை வந்தால் பேசாமல் போ’ என்ற வரியை அழித்துவிட்டு, ‘பிழை வந்தால் யாருடைய பெயரில் என்று எனக்குச் சொல்’ என்று எழுதினேன். முடிந்ததும் பட்டியலில் எத்தனை பேர், கோப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன.

மறுநாள் சான்றிதழ்களை வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மாணவியிடம், “உன் பேர்ல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு என் நிரல்ல” என்றேன். பிறகு பலகையில் இரண்டு கோடுகளையும் வரைந்து, இங்கே உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவர்களுக்கும் சொன்னேன்.

நாளை உங்களில் சிலர் நிரலர்கள் ஆவீர்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் படிவங்கள் செய்வீர்கள். ‘பெயரில் சிறப்புக் குறிகள் கூடாது’ என்று ஒரு வரி எழுதிவிடுவது மிகச் சுலபம். அந்த வரியை எழுதுவதற்கு முன் உங்கள் அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பின் பெயரை மாற்றும்போது சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள். எந்தக் குறிகளை ஏற்க முடியாது என்று கணினியே பட்டியல் காட்டும். மொத்தம் ஒன்பது. அவற்றில் நம் பாடத்தில் வந்தவை எத்தனை?

2. வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி போட்டு அனுப்புங்கள். சொல் தடித்துவிடும்; உடுக்குறிகள் மறைந்துவிடும். அங்கே உடுக்குறி உள்ளடக்கமா, கட்டளையா?

3. பைத்தானில் திரையில் "\" என்று மேற்கோள்குறிகளோடு தெரியும்படி ஒரு வரி எழுதுங்கள். இரட்டை மேற்கோளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். எத்தனை பின்சாய்கோடுகள் தேவைப்பட்டன? நான்கு என்று வந்தால் உங்கள் விடை சரி. ஏன் நான்கு என்று நண்பருக்கு விளக்க முடிந்தால், பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

4. விழுக்காட்டுக் குறியின் ஆஸ்கி எண் 37. இணைய முகவரியில் அதையே உள்ளடக்கமாக அனுப்ப எப்படி எழுத வேண்டும்? பதினாறால் வகுத்துப் பாருங்கள்.